நீந்துபவருக்குப் பக்கத்தில் இருப்பவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலிலும் ஏரியிலும் ஆற்றிலும் நெடுந்தூரம் நீந்தி முடித்தவர்களைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருவது மகிழ்ச்சி தருகிறது. கரையேறியவரின் படம், கடந்த தொலைவு, எடுத்துக்கொண்ட நேரம், பயிற்சியாளரின் பெயர் என எல்லாமே அச்செய்திகளில் இடம்பெறுகின்றன. ஆனால் நீந்துபவருக்குச் சில மீட்டர் தள்ளி, இருமுனைத் துடுப்போடு கயாக் என்னும் ஒடுங்கிய சிறு படகில் அமர்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே வந்தவரைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். பாராட்டுக் கேட்டு இக்கடிதத்தை எழுதவில்லை. துணைக் கயாக்கைப் போட்டிக்கு அழகு சேர்க்கும் ஏற்பாடாகவே பல அமைப்பாளர்கள் கருதுகிறார்கள். அதில் அமர்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், நீந்துபவரைத் தண்ணீரிலிருந்து வெளியேற்றும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதையெல்லாம் எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

திறந்தநீர் நீச்சலில் தனியொருவராகச் சாதித்தார் என்று நாம் போற்றும் எவரும் உண்மையில் தனியாகப் போனதில்லை. 1875 ஆகஸ்டில் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடங்களில் கடந்தபோது துணைப்படகுகள் உடன் சென்றன. 1966இல் மிஹிர் சென் பாக் நீரிணையைக் கடந்தபோது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணை நின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியக் கரையை ஒட்டிய கேட்டலினா கால்வாயைக் கடப்பவர்கள் காற்று எழுவதற்கு முன் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டியே இறங்குகிறார்கள்; அந்த இருட்டில் அவர்களை ஒட்டி வருவது கயாக்தான். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைச் சுற்றி ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீந்துபவர் ஒவ்வொருவருக்கும் மோட்டார் படகோடு ஒரு கயாக்கும் துணைக்கு வருகிறது. பாக் நீரிணையை 1971இல் போகவர நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தன், 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்ததைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடலில் அவ்வளவு பழகியவருக்கே அந்த முடிவு என்றால், விடுமுறை நாளில் ஆர்வத்தோடு பெயர் கொடுத்துவிட்டு வரும் புதியவரின் பாதுகாப்பைப் பற்றி நாம் எவ்வளவு கவலைப்பட வேண்டும்!

மோட்டார் படகு இருக்கும்போது கயாக் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மோட்டார் படகில் சுழலும் விசிறி இருக்கிறது. நீந்துபவரின் அருகே அதை ஓட்டக் கூடாது. அதன் புகை, மூச்சுக்காகத் தலை திருப்பும் நீச்சல்காரரின் வாயிலும் மூக்கிலும் ஏறும். படகின் விளிம்பு உயரமாக இருப்பதால் மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்கு நீந்துபவரின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். கயாக்கில் இருப்பவரோ ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நீந்துபவர் மூச்சு வாங்கத் திரும்பும் ஒவ்வொரு முறையும் இருவர் கண்களும் சந்திக்கின்றன. உதட்டின் நிறம், கண்ணாடிக்குள் கண் இருக்கும் நிலை, வாய் திறக்கும் விதம் எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். ஆபத்து என்றால் எட்டிப்பிடிக்கும் தொலைவில் இருப்பவரும் அவர்தான். தூக்கி ஏற்றுவதற்கும் கரைக்குக் கொண்டு செல்வதற்கும் மோட்டார் படகு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, இரண்டும் வேண்டும்.

எங்கே நிற்பது என்பதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. நீந்துபவரின் கண், தண்ணீருக்கு மேல் ஓரிரு விரற்கடை உயரத்தில்தான் இருக்கிறது. சிறு அலை எழுந்தாலே தொலைவிலுள்ள மிதவை மறைந்துவிடும், எதிர்வெயில் அடித்தால் எதுவுமே தெரியாது. ஆகவே அவர் எந்தப் பக்கம் மூச்சு வாங்குகிறாரோ அந்தப் பக்கத்தில், அவருடைய தலைக்கு நேராகவோ சற்றே முன்னாலோ, மூன்று முதல் ஐந்து மீட்டர் இடைவெளியில் வர வேண்டும். அப்போது அவர் தலையைத் தூக்கித் திசை பார்க்கத் தேவையில்லாமல் எங்களைப் பார்த்தே நேர்க்கோட்டில் போக முடியும். பின்தங்கினால் அவருக்கு எங்களைத் தெரியாது. அதைவிட மோசம், எங்களுக்கு அவர் முகம் தெரியாது. காற்று வந்துவிட்டால் இந்தக் கணக்கு மாறும். கயாக்கைக் காற்று தள்ளும் அளவுக்கு நீந்துபவரைத் தள்ளாது என்பதால், காற்று வரும் பக்கத்தில் நின்றால் படகு அவர் தலைமேல் போய் ஏறும். மூச்சு வாங்கும் பக்கமும் காற்று வரும் பக்கமும் ஒன்றாக அமைந்துவிட்டால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு, நொடிக்கு நொடி துடுப்பால் தடுத்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். மணிக்கு மூன்று கிலோமீட்டர் அளவில் நகரும் ஒருவருக்கு இணையாகக் கயாக்கை மெதுவாக ஓட்டுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கடினம் என்பதைச் செய்து பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் துடுப்பு வேலையைவிடப் பார்க்கும் வேலையே பெரிது. தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் சூட்டை வாங்கிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் இறங்கிய முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சு தன்னையறியாமல் வெடுக்கென்று இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அதைத் தாண்டியவருக்கு அடுத்த ஆபத்து மெல்ல வரும். உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது வெப்பக் குறைவு நிலை. கைகால் தளர்வதோடு அறிவும் மழுங்குவதால், தான் ஆபத்தில் இருப்பது பாதிக்கப்பட்டவருக்கே தெரியாமல் போகிறது. மருத்துவர்கள் பட்டியலிடும் அறிகுறிகள் கயாக்கிலிருந்து பார்க்கும்போது எப்படித் தோன்றும் என்பதை யாரேனும் சொல்லித் தர வேண்டும். எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு மூத்த தன்னார்வலர்: நீச்சல் தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி மனத்தில் வைத்துக்கொள், பிறகு ஒவ்வொரு முறை பானம் கொடுத்த பின்னும் மறுபடி எண்ணு, என்பார்.

ஒரு நீண்ட ஏரி நீச்சலில் நான் துணைக்குச் சென்ற பெண், தொடக்கத்தில் நிமிடத்துக்கு 64 வீச்சு என்ற ஒரே சீரில் வந்துகொண்டிருந்தார். மூன்றாம் மணி நேரத்தில் அது 58 ஆனது, பிறகு 51 ஆனது. களைப்பாக இருக்கலாம் என்று நினைக்க இடமிருந்தது. ஆனால் தண்ணீருக்குள் இறங்கும் கையைக் கவனித்தபோது, அதுவரை சேர்ந்திருந்த விரல்கள் இப்போது கோழிக்கால் போல விரிந்திருந்தன. சுண்டுவிரலைச் சேர்த்து வைக்க அவரால் முடியவில்லை. கயிற்றில் கட்டிய பான பாட்டிலை வீசினேன். அதைப் பிடிக்க இரண்டு முறை கை தவறியது. “நல்லா இருக்கீங்களா” என்று கேட்பதில் பயனில்லை என்பது எங்களுக்குத் தெரியும். எவரும் அதற்கு ஆமாம் என்றே சொல்வார்கள். “அடுத்த மிதவையில எந்தப் பக்கம் திரும்பணும், சொல்லுங்க” என்று கேட்டேன். “நல்லாத்தான் இருக்கேன், விடுங்க” என்றார். கேட்ட கேள்வி அவருக்குள் போய்ச் சேரவே இல்லை என்பது அந்தப் பதிலில் தெரிந்தது. முன்பே பேசி வைத்திருந்தபடி துடுப்பைச் செங்குத்தாக உயர்த்திப் பிடித்து மோட்டார் படகை அழைத்தேன். படகில் ஏற்றி, ஈர உடையைக் களைந்து, கம்பளியால் சுற்றிப் படுக்க வைத்த பிறகுதான் அவருக்கு நடுக்கம் தொடங்கியது. தண்ணீரை விட்டு வெளியே வந்த பின்னும் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் கரையில் எழுந்து நடக்கவும் விடவில்லை. மறுநாள் பேசியபோது, பாட்டில் வீசியது முதல் எதுவுமே நினைவில் இல்லை என்றார்.

குளிர் மட்டும் அல்ல, வெப்பமும் கொல்லும். 2010 அக்டோபர் 23 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில், 26 வயதான அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் மிக வெதுவெதுப்பான கடல்நீரில் நீந்தியபோது இறந்தார். உலகின் முன்னணி நீச்சல்காரர்களில் ஒருவர் முடிவுக் கோட்டுக்கு வந்து சேரவில்லை என்பதை, முடித்துக் கரையேறிய சக வீரர்களே முதலில் கவனித்துத் தேடத் தொடங்கினார்கள். உடல் கிடைக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகே நீரின் வெப்பநிலைக்கு 31 பாகை என்ற மேல்வரம்பைப் பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பு விதித்தது. அந்த வரம்பு நல்லதுதான். ஆனால் அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் என்னை அலைக்கழிப்பது வெப்பமானியின் எண் அன்று. அவர் நீருக்குள் போன அந்தக் கணத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண் ஒன்றுகூட இல்லையே என்பதுதான்.

தண்ணீரில் மூழ்குபவர் கையை அசைத்துக் கூச்சலிடுவார் என்ற எண்ணம் திரைப்படங்களால் நம் மனத்தில் பதிந்துவிட்டது. உண்மையில் மூழ்குதல் பெரும்பாலும் ஓசையின்றியே நடக்கிறது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வர, மூச்சு வாங்கவே நேரம் இல்லாதவரால் கத்த முடியாது. கைகள் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்தும், உடல் நேர்க்குத்தாக நிற்கும், கால் உதைப்பு இருக்காது. இந்த நிலையில் ஒருவர் நீர்மட்டத்தில் நிற்பது 20 முதல் 60 நொடிகள் வரைதான். வேறு சிலருக்கு நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, இருமலும் மூச்சுத்திணறலும், சில வேளைகளில் இளஞ்சிவப்பான நுரைச் சளியும் வரும். இவர்கள் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை, நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களும் இதயத் துடிப்பு நின்றுபோனவையுமாக 135 நிகழ்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வில், மூன்றில் இரண்டு பங்காக 90 நிகழ்வுகள் நீச்சல் பகுதியிலேயே நேர்ந்தன என்று தெரியவந்தது. மிதிவண்டியில் செல்பவரோ ஓடுபவரோ மயங்கினால் சாலையில் விழுவார், பார்ப்பவர்கள் ஓடிவருவார்கள். நீரில் மயங்குபவருக்குக் கயாக்கை விட்டால் நாதியில்லை.

இவ்வளவு பொறுப்புள்ள இடத்துக்கு ஆட்களை எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். நான் சென்ற ஒரு போட்டியில், விடியற்காலையில் வந்த தன்னார்வலர்களுக்கு ஆளுக்கொரு பனியனும் கயாக்கும் கொடுத்துவிட்டு, “போய்ச் சுற்றிக்கொண்டிருங்கள், ஏதாவது என்றால் விசில் ஊதுங்கள்” என்று அனுப்பினார்கள். அவ்வளவுதான் விளக்கம். எங்களில் ஓரிருவர் அதற்கு முன் கயாக்கில் ஏறியதே இல்லை. யாரிடமும் வாக்கி-டாக்கி இல்லை. மோட்டார் படகு எந்தப் பக்கம் நிற்கும், மருத்துவர் எங்கே இருக்கிறார், இடையில் வெளியேறுபவரின் எண்ணை யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டபோது ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் களைத்துப்போய்த் தானாகவே அருகிலுள்ள கரையில் ஏறி வீட்டுக்குப் போய்விட, இறங்கியவர் கணக்கும் ஏறியவர் கணக்கும் பொருந்தாமல் எல்லாப் படகுகளும் நெடுநேரம் அவரைத் தேடின. அந்த நேரத்தில் வேறொருவர் உண்மையிலேயே தத்தளித்திருந்தால் அவரைப் பார்க்க ஆள் இருந்திருக்காது. அந்த அமைப்பாளர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். இலவசமாக வரும் உதவிக்கு என்ன பயிற்சி என்று நினைத்துவிட்டார்கள்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் தெளிவாக்கப்பட வேண்டிய இன்னொன்று, தொடுவது பற்றிய விதி. ஆங்கிலக் கால்வாய் போன்ற தனிநபர் நீச்சல்களில் படகையோ அதிலிருப்பவரையோ தொட்டுத் தாங்கல் பெற்றால் அந்த நீச்சல் செல்லாது. அதனால்தான் பானத்தைக்கூடக் கயிற்றில் கட்டி வீசுகிறோம். ஆனால் டிரையத்லான் போட்டிகளில், முன்னேறிச் செல்லாத வரையில், கயாக்கைப் பிடித்துக்கொண்டு இளைப்பாற விதியே இடம் தருகிறது. இது தெரியாத புதியவர்கள், மூச்சுத் திணறும்போதும் தகுதிநீக்கம் ஆகிவிடுவோமோ என்று பயந்து எங்களிடமிருந்து விலகி விலகிப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒலிபெருக்கியில் விளம்பரதாரர்களின் பெயர்களை வாசிக்கும் நேரத்தில் பத்து நொடி ஒதுக்கி, “கயாக்கைப் பிடிக்கலாம், முன்பக்கத்தைப் பிடியுங்கள், பக்கவாட்டில் தொங்காதீர்கள்” என்று சொன்னால் போதும். பக்கவாட்டில் தொங்கினால் கயாக் கவிழ்ந்து, காப்பாற்ற வந்தவரும் தண்ணீரில் கிடப்பார். பதறிக் கைகால் அடிப்பவரிடம் நாங்களும் உடனே நெருங்குவதில்லை. முதலில் மிதவையை நீட்டிப் பிடிக்கச் சொல்லி, மூச்சு அடங்கிய பிறகே முன்பக்கத்தைக் கொடுக்கிறோம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, நிறுத்தும் அதிகாரம். பல மாதங்கள் பயிற்சி செய்து, பணம் கட்டி, குடும்பத்தாரைக் கரையில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஒருவரிடம் “போதும், ஏறுங்கள்” என்று சொல்வது எளிதன்று. அவர் கோபப்படுவார், கெஞ்சுவார், முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிறதே என்பார். துணைக் கயாக்கில் இருப்பவருக்கு அதிகாரம் இல்லை என்றால் அவரும் தயங்குவார். அந்தத் தயக்கத்தின் விலை ஒரு உயிராக இருக்கலாம். ஆகவே, துணைக் கயாக்கில் வருபவர் சொன்னால் கேள்வி கேட்காமல் ஏற வேண்டும் என்ற நிபந்தனை, ஒவ்வொரு நீச்சல்காரரும் கையெழுத்திடும் படிவத்தில் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆரோக்கியமான ஒருவரைத் தவறாக வெளியேற்றிவிட்டால்? அதுவும் நடக்கும். அவர் வேறொரு நாள் நீந்தலாம். இதில் நான் இரு பக்க நியாயம் பார்க்க விரும்பவில்லை.

அதோடு, பதிவு செய்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற கயாக்குகள் வந்து சேரவில்லை என்றால் தொடக்கத்தைத் தள்ளிவைக்கவோ, தொலைவைக் குறைக்கவோ, சிறு குழுக்களாக இடைவெளிவிட்டு இறக்கவோ அமைப்பாளர்கள் துணிய வேண்டும். கூட்டமாக இறங்கும் முதல் சில நூறு மீட்டரில்தான் பதற்றமும் முட்டலும் மோதலும் மிகுதி. அங்கேயே அதிகக் கயாக்குகள் நிற்க வேண்டும். ஆனால் பல போட்டிகளில் நல்ல படம் கிடைக்கும் என்று முன்னணியில் செல்பவர்களைச் சுற்றியே எல்லாரும் மொய்க்கிறார்கள். கடைசியாக வருபவருக்கே துணை அதிகம் தேவை.

இதைப் படிக்கும் வாசகர்களில் கயாக் ஓட்டத் தெரிந்தவர்கள் இந்தப் பணிக்கு வர வேண்டும் என்று அன்போடு வேண்டுகிறேன். பெரிய உடல்வலு தேவையில்லை. கவிழ்ந்தால் உதவியின்றித் திரும்ப ஏறத் தெரிந்திருக்க வேண்டும். மணிக்கணக்கில் வெயிலிலும் காற்றிலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கப் பொறுமை வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாத ஒழுங்கு வேண்டும். மேலே திறந்திருக்கும் வகைக் கயாக் இதற்கு ஏற்றது. உள்ளே தண்ணீர் தேங்காது, ஒருவரை மேலே இழுத்துக் கிடத்தவும் இடமிருக்கும். தங்களுக்கான தண்ணீரையும் தொப்பியையும் மறக்காதீர்கள், ஏனெனில் நீந்துபவரின் பானத்தை மட்டும் கணக்குப் பார்த்துவிட்டுத் தாங்களே மயங்கிப்போன துணைவர்களும் உண்டு. கைப்பேசியை நீர்புகாப் பையில் போட்டு அவசரத்துக்கு மட்டும் வைத்திருங்கள். படம் எடுக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் பக்கத்தில் இருப்பவர் தலை மறையும். முதல் முறை தனியாக ஒருவரின் பொறுப்பை ஏற்காமல், அனுபவமுள்ள துணைவர் ஒருவரோடு சேர்ந்து சென்று அவர் எதைப் பார்க்கிறார் என்று பாருங்கள். பயிற்சியே தராமல் படகில் ஏறச் சொல்லும் அமைப்பாளரிடம், மறுக்கத் தயங்காதீர்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு விண்ணப்பம். நீச்சல் போட்டிகளின் அறிவிப்பை வெளியிடும்போது, துணைக் கயாக்குகள் எத்தனை, அவற்றில் வருபவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டதா, இறங்கியவர்களையும் ஏறியவர்களையும் எண்ணும் பொறுப்பு யாருடையது என்ற மூன்று கேள்விகளையும் அமைப்பாளர்களிடம் கேட்டு, அவர்கள் தரும் பதிலையும் பதிவுக் கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயர் கொடுக்கும் முன் பிள்ளைகளின் பெற்றோர் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

இப்படிக்கு,
துணைக் கயாக் தன்னார்வலர் ஒருவர்